சிதம்பரத்துக்குக் கொண்டுபோன மேகம்

என் மடியில் ஒரு மீன்தொட்டி இருந்தது. அதில் மீனும் இல்லை, தண்ணீரும் இல்லை. கடலூரில் பஸ் ஏறியதிலிருந்து அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"என்னாங்க, மீனு வாங்கப் போறீங்களா?"

"மீன் புடிக்கிறவன்தாங்க நானு. மீன் வாங்க நான் எதுக்கு சிதம்பரம் போறேன்?"

"அப்ப தொட்டி எதுக்கு?"

"வானத்தக் காட்டறதுக்கு," என்றாள் ஜன்னலோரம் இருந்த என் மகள் நிவேதா. கேட்டவர் எங்களை இரண்டு முறை பார்த்துவிட்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

பிள்ளைகளா, நான் எட்டாவது வரைதான் படித்தவன். அதனால் இந்தப் பயணத்தில் வரும் அறிவியல் எல்லாம் நிவேதா சொன்னது. புரியாத இடத்தில் மூன்று தடவை கேட்டு வாங்கி எழுதியிருக்கிறேன். அவள் திருப்பாதிரிப்புலியூரில் ஒன்பதாவது படிக்கிறாள். சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாவட்ட அறிவியல் கண்காட்சி. அதில் தேர்வாகிற இரண்டு பேரை மலைமேல் இருக்கும் வானோக்குக் கூடத்துக்குப் பத்து நாள் கூட்டிப்போவார்கள். அங்கே பெரிய தொலைநோக்கி இருக்கிறதாம். அதில் அவளுக்கு ஒன்றே ஒன்றைப் பார்க்க வேண்டும்.

அது ஒரு கருப்புத் திட்டு. கரை விளக்குகள் மறையும் தூரத்துக்குப் படகில் போனால் வானத்தில் பால் கொட்டின மாதிரி ஒரு பட்டை தெரியும். அதன் நடுவே அங்கங்கே கருப்பாக இருக்கும். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "அங்க நட்சத்திரமே கிடையாது, வானத்துல ஓட்ட," என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். போன வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அப்பா, நீ சொன்னது தப்பு. அது ஓட்ட இல்ல, தூசு," என்றாள். அந்தத் தூசியைப் பற்றித்தான் சிதம்பரத்தில் ஏழு நிமிஷம் பேசப் போகிறாள்.

தொட்டியில் தண்ணீர் ஊற்றி, சல்லடையில் அரித்து, வேட்டித் துணியில் சலித்த வண்டல் தூளை அதில் கலக்க வேண்டும். பின்னால் ஓட்டை போட்ட கருப்பு அட்டை, அதற்குப் பின்னால் ஒரு குண்டு பல்பு. ஓட்டைகள்தான் நட்சத்திரங்கள். கலங்கல் கெட்டியாக இருக்கும் இடத்தில் நட்சத்திரம் மறைந்துவிடும். லேசாக இருக்கும் இடத்தில் மங்கிச் சிவந்து தெரியும். அவ்வளவுதான். ஆனால் அந்தத் தூளை அவள் பதினைந்து நாள் சலித்தாள்.

பையில் இன்னொன்றும் இருந்தது. எங்கள் பக்கத்தில் புதுப் படகு இறக்கினாலும், புது வலை எடுத்தாலும், முதலில் ஒரு கை கடல்தண்ணீர் தெளிப்போம். அதுவும் கரையோரத் தண்ணீர் ஆகாது, அலை தாண்டி மொண்டு வந்ததாக இருக்க வேண்டும். என் மனைவி அதை ஒரு லிட்டர் பாட்டிலில் நிரப்பி என் துண்டுக்கு அடியில் வைத்து, "ஆரம்பிக்கிறப்ப ஒரு கை தெளிச்சிடுங்க. அவகிட்ட சொல்லாதீங்க, சிரிப்பா," என்று சொல்லியிருந்தாள்.

பாதி வழியில் குறுக்கே ஒரு மாடு வந்தது. டிரைவர் போட்ட பிரேக்கில் சீட்டுக்கு அடியில் இருந்த தூள் டப்பா உருண்டு, படிக்கட்டில் மோதி, மூடி கழன்று திறந்துகொண்டது. முகத்துக்குப் போடும் பவுடரைவிட மெல்லிய தூள். ஒரு நொடியில் பஸ்ஸுக்குள் மேகம் எழுந்தது. இருமல், தும்மல், திட்டு. முன்சீட்டில் ஒரு குடும்பம் பிள்ளைக்கு மொட்டை போட ஸ்ரீமுஷ்ணம் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க, இதெல்லாம் ஒழுங்கா கட்டி எடுத்தாற மாட்டீங்களா? புதுப் புடவங்க!" என்றது அந்த அம்மா.

"விடுடி," என்றார் அவர் வீட்டுக்காரர், மீசையிலிருந்து தூளைத் தட்டிக்கொண்டே. "பூமியத் தூக்கின வராகசாமியப் பாக்கப் போறோம். பூமி முன்னாடியே வந்து பாத்துட்டுப் போவுது."

பஸ்ஸே சிரித்தது. நிவேதா மட்டும் காலி டப்பாவைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். பதினைந்து நாள் வேலை ஆயிற்றே. நான் குனிந்து மூடியைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"அப்பா, வெளிச்சத்தப் பாரு."

சாயங்கால வெயில் மேற்கு ஜன்னல்கள் வழியாகச் சாய்ந்து வந்துகொண்டிருந்தது. அதுவரை எங்கள் கண்ணுக்கு வெறும் வெளிச்சமாக இருந்தது, இப்போது பலகை பலகையாகத் தெரிந்தது. ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் ஒரு பொன் பலகை. அதற்குள் தூள் அவசரமில்லாமல் மேலும் கீழும் மிதந்தது. அந்தப் பக்கம் சூரியன் பழுத்துச் சிவந்திருந்தது.

"வெளிச்சம் போற வழி நமக்குத் தெரியாது. நடுவுல தூசு இருந்தாத்தான் தெரியும்," என்றாள். "நீல வெளிச்சம் தூசுல பட்டா பக்கத்துல செதறிடும். செவப்பு நேரா வந்துடும். தூசுக்குப் பின்னால இருக்கிற நட்சத்திரம் அதனாலதான் செவப்பாத் தெரியும்."

தும்மிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தும்முவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். தூள் எல்லார் தலையிலும் படிந்து முடிவதற்குள் சிதம்பரம் வந்துவிட்டது.

சிதம்பரத்தில் என் மனைவியின் தம்பி செந்தில் இருக்கிறான். குமராட்சிப் பக்கம் போகும் மினிபஸ்ஸுக்கு டிரைவர். தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறான். கோயில் பக்கத்து வீடு என்பதால் வீட்டுக்காரர் மீன் சமைக்க விடுவதில்லை. "ஆறு வருஷமா கொத்சுதான் மாமா," என்று சிரித்தான். கத்தரிக்காய் கொத்சும் இட்லியும் சுடச்சுட வந்தன. புளிப்பும் காரமும் நாக்கில் ஏற ஏற, எங்கள் ஊர் மீன்குழம்புக்கு இது சொந்தக்காரப் பிள்ளைதான் என்று தோன்றியது. ஆனால் எட்டாவது இட்லியிலும் கை தானாக முள் தேடியது.

"மண்ணுதான போச்சு? காலையில முதல் டிரிப்புல வாங்க. கொள்ளிடக்கரையில இந்த வருஷ வெள்ளம் போட்டுட்டுப் போன வண்டல் கெடக்கு. எவ்ளோ வேணும்?" என்றான் செந்தில்.

"ரெண்டு கை போதும் மாமா," என்றாள் நிவேதா.

மறுநாள் விடிந்தபோது ஊரையே காணவில்லை. மார்கழிப் பனி. மினிபஸ் விளக்கு பத்தடி போய் நின்றுவிட்டது. நாங்கள் கடலில் பனியைப் பார்த்திருக்கிறோம். அங்கே மோத எதுவும் இல்லை. இங்கே இரண்டு பக்கமும் வாய்க்கால். செந்தில் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு ஓட்டினான்.

"பத்தடிக்கு அந்தாண்ட ஒண்ணுமே இல்ல மாமா!"

"இல்லன்னு யாரு சொன்னது?" என்றாள் நிவேதா பின்னாலிருந்து. "வயலு, பனமரம், ஆளு எல்லாம் இருக்கு. பனி மறைக்குது. அந்தக் கருப்புத் திட்டும் அப்படித்தான்."

அப்போது நான் கேட்டேன். நட்சத்திரங்களுக்கு நடுவே அவ்வளவு பனி மாதிரி தூசு மண்டிக் கிடக்கிறதா? அவள் சொன்ன பதில்தான் என்னை வழி முழுவதும் கனவில் உட்கார வைத்தது. ஒரு புளியங்கொட்டை அளவு காற்றில் இருக்கும் அணுக்களை எண்ண ஆரம்பித்தால், ஊர் கூடி ஆயுள் முழுக்க எண்ணினாலும் தீராது. நட்சத்திரங்களுக்கு நடுவே அதே புளியங்கொட்டை அளவு இடத்தில் சராசரியாக ஒரு அணு, அவ்வளவுதான். தூசு அதைவிட எத்தனையோ மடங்கு அரிது. புகைத் துகள் அளவில், கரியும் மணலும் போன்ற பொடி. வயதான நட்சத்திரங்கள் ஊதிவிட்டுப் போனது. பிறகு எப்படி மறைக்கிறது? தூரத்தால். கை நீளத்துக்குள் இருக்கும் பனி எதிரில் இருப்பவர் முகத்தை மறைப்பதில்லை. நூறடிப் பனி ஒரு பனைமரத்தையே விழுங்குகிறது. அங்கே வெளிச்சம் வருஷக்கணக்கில் ஓடிக் கடக்கிற அகலத்துக்கு மேகம் கிடக்கிறது.

குமராட்சி தாண்டி ஒரு நிறுத்தத்தில் பனிக்குள்ளிருந்து இரண்டு பெண்கள், கையில் அரிவாளோடு, வேறு வேறு திசையிலிருந்து வந்து நின்றார்கள்.

"ஏ, நீயும் அறுப்புக்குத்தான் போறியா? தெரிஞ்சிருந்தா சேந்தே வந்திருப்பேன்!"

"இந்தப் பனியில உன்ன எங்க தேடறது? பஸ் ஸ்டாப்புன்னு ஒண்ணு இருக்கவே பாத்துக்கிட்டோம்."

நிவேதா என் காதில் கிசுகிசுத்தாள். தனித்தனியாகத் திரியும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் அந்தப் பரந்த வெளியில் சந்தித்துச் சேர்வது ரொம்பக் கஷ்டமாம். தூசுத் துகள்மேல் ஒன்று வந்து ஒட்டி நிற்கும். இன்னொன்று வரும். இரண்டும் சேர்ந்து ஜோடியாகப் புறப்படும். "தூசுதான்பா அதுங்களுக்கு பஸ் ஸ்டாப்பு." நான் அந்தப் பெண்களைப் பார்த்தேன். அவர்கள் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஒரே வெற்றிலையைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

கொள்ளிடக்கரையில் பனி விலகியபோது வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நாங்கள் குந்தி உட்கார்ந்து மேல்மண்ணைச் சுரண்டுவதைப் பார்த்து அதே பெண்கள் வரப்பில் நின்றுவிட்டார்கள்.

"என்னாம்மா, பொன்னு கின்னு தட்டுப்பட்டுதா?"

"வானத்துக்கு மண்ணு எடுக்கறோம்க்கா."

"அங்கயும் வீடு கட்ட ஆரம்பிச்சிட்டாங்களா!" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். அன்று பகல் முழுவதும் வெயிலில் காயவைத்து, இடித்து, செந்தில் மனைவியின் பழைய புடவைத் துணியில் சலித்தோம். எங்கள் இரண்டு பேர் கண்ணிமைகளும் சாம்பல் நிறமாயின.

மூன்றாம் நாள்தான் கண்காட்சி. ஜன்னல்களுக்குக் கருப்புத் துணி கட்டிய நீளமான அறை. ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: "பெற்றோர்கள் வேடிக்கை பார்க்கலாம். மாடலில் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் மதிப்பெண் கிடையாது." தெளிவாகத்தான் சொன்னார்கள். நானும் கேட்டேன்.

நிவேதா கேன் தண்ணீர் ஊற்றி, தூளைக் கலந்து, பல்பைப் போட்டாள். பிள்ளைகளா, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தொட்டிக்குள் ஒரு மேகம் நின்றது. ஓரத்தில் மூன்று நட்சத்திரங்கள் சிவந்து மினுங்கின. நடுவில் ஒன்றும் இல்லை. ஒரு கருப்பு. முப்பது வருஷமாகத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு தப்பாகச் சொல்லிவந்த அந்தத் திட்டு, இதோ என் இடுப்பு உயரத்தில் மேசைமேல் இருந்தது. போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் நின்றார்கள். "சாயங்காலம் வரைக்கும் இப்படியே நிக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் சாப்பிடப் போனாள். நான் காவல்.

அப்போதுதான் பாட்டில் நினைவு வந்தது. சுற்றிப் பார்த்தேன். ஒரு கை தெளித்தேன். இவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒரு கை போதுமா என்று தோன்றியது. புது வலைக்கே ஒரு கை என்றால் என் மகளுக்கு? பாட்டிலைச் சாய்த்தேன். கையில் இருப்பதைக் கொடுக்காமல் நிறுத்த எந்த அப்பனுக்குத் தெரியும்? முழுவதும் ஊற்றிவிட்டேன். தண்ணீரோடு தண்ணீராகக் கலந்துவிட்டது. ஒரு தடயமும் இல்லை. மனது நிறைந்து நின்றேன்.

கால் மணி நேரத்தில் மேகத்துக்குள் ஏதோ நடக்க ஆரம்பித்தது. பொடியாக இருந்தது நூல்நூலாகத் திரிந்தது. நூல்கள் சேர்ந்து பஞ்சாயின. பஞ்சு மெதுவாக, தூக்கத்தில் நடப்பது போல, கீழே இறங்கியது. மேலே தண்ணீர் தெளிந்துகொண்டே வந்தது. நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நான் பார்த்ததிலேயே அழகான காட்சிகளில் அது ஒன்று. காலி பாட்டிலை எடுத்துத் துண்டுக்கு அடியில் ஒளித்தேன்.

நிவேதா திரும்பி வந்தபோது அவளுக்குப் பின்னாலேயே நடுவரும் வந்துவிட்டார். கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தரும் அம்மா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார்.

"எல்லா நட்சத்திரமும் நல்லாத்தானம்மா தெரியுது? மேகம் எங்க?"

நிவேதா தொட்டியைப் பார்த்தாள். கரண்டியால் கலக்கினாள். கலங்கியது மறுபடி பஞ்சாகி இறங்கியது. அவள் கண் நிறைந்தது.

"காலையில இருந்துச்சு மேடம். தெரியல. நான்தான் கலக்கறதுல ஏதோ தப்பு பண்ணிட்டேன்."

பேசாமல் இருந்திருக்கலாம். வண்டல் சரியில்லை என்று விட்டிருப்பார்கள், பேச்சுக்காவது மதிப்பெண் போட்டிருப்பார்கள். ஆனால் 'நான்தான் தப்பு பண்ணிட்டேன்' என்று அவள் சொன்னது என் காதிலேயே நின்றது. பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கினேன்.

"மேடம், அவ தப்பு இல்லைங்க. நான் அதுல தண்ணி ஊத்திட்டேன்."

"நீங்க யாரு?"

"அவ அப்பாங்க."

"என்ன தண்ணி?"

"கடல்தண்ணிங்க. நல்லது நடக்கட்டும்னு."

அறையில் யாரோ சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை. "மாடல்ல கை வைக்கக் கூடாதுன்னு சொன்னோமே," என்றார். தாளில் ஒரு கோடு இழுத்தார். அந்தப் பேனாச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

நிவேதா என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தொட்டியையே பார்த்தாள்.

"எவ்ளோப்பா ஊத்தின?"

"முழு பாட்டிலு."

"எப்ப?"

"நீ சாப்பிடப் போனியே, அப்பவே."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மேடம், மார்க்கு போனாப் போவட்டும். ரெண்டு நிமிஷம் பேசிக்கட்டுமா?"

நடுவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"எங்க ஊர்ல கெடிலம் ஆத்துல வெள்ளம் வந்தா செக்கச்செவேல்னு கடலுக்கு ஓடி வரும் மேடம். முகத்துவாரம் தாண்டிக் கொஞ்ச தூரத்துல கோடு கிழிச்ச மாதிரி நின்னுடும். அந்தாண்ட தெளிஞ்சிடும். மண்ணு எங்க போச்சுன்னு கேட்டா அடியில படிஞ்சிருக்கும். நான் வருஷா வருஷம் பாக்கறதுதான், ஏன்னு யோசிச்சதில்ல. எங்க சார் கேன் தண்ணியிலதான் கலக்கணும்னு சொன்னாரு. அதுவும் ஏன்னு கேக்கல. இப்பத்தான் புரியுது. நல்ல தண்ணியில ஒவ்வொரு துகளும் மின்சாரம் ஏறி, பக்கத்துத் துகளத் தள்ளிக்கிட்டே இருக்கு. அதனாலதான் மெதக்குது. உப்பு வந்தா அந்தத் தள்ளுற சக்தி அடங்கிடுது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டுது. கனமாயி எறங்குது."

"சரி. வானத்துல உப்பு யாரு போடறா? அங்கயும் உங்க அப்பாவா?"

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

"அங்க உப்பு இல்ல மேடம், குளிரு. தூசு மேகத்துக்குள்ள மத்த நட்சத்திர வெளிச்சம் போவாது. அதனால உள்ள பயங்கரக் குளிரு. சூடா இருந்தா வாயு துள்ளிக்கிட்டுப் பரவும். குளிர்ந்தா துள்ளல் அடங்கி, தன் கனத்துலயே உள்ள சரியும். சரிஞ்சு சரிஞ்சு நெருங்கி, நடுவுல நட்சத்திரம் பத்திக்கும். துகள் மேல பனிக்கட்டி படிஞ்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, கல்லாவும். கல்லு சேந்து பூமி மாதிரி ஆவும். நான் மேகம் எப்படி மறைக்குதுன்னு சொல்லத்தான் வந்தேன். இது மேகம் எப்படி விழுதுன்னு காட்டுது. ரெண்டுக்கும் காரணம் வேற வேற. ஆனா விழுறது இப்படித்தான் மெதுவா ஆரம்பிக்கும்னு நெனைக்கிறேன்."

நடுவர் தொட்டியருகே குனிந்து, கடைசிப் பஞ்சு அடியைத் தொடும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்து போன பிறகும் அந்த மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் கலையவில்லை. "இன்னொரு தடவ கலக்குங்கக்கா, விழட்டும்," என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மாலையில் இரண்டு பெயர் வாசித்தார்கள். நிவேதா பெயர் இல்லை. நடுவர் வெளியே வந்தபோது எங்களிடம் நின்று, "போட்டி விதிய மாத்த முடியாதும்மா. ஆனா நான் இத இத்தன வருஷமா பாடம் எடுக்கறேன், முகத்துவாரத்த நெனச்சதே இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடலூர் பஸ்ஸில் கூட்டம். அவளுக்கு மட்டும் ஒரு சீட் கிடைத்தது. தொட்டி அவள் மடியில். நான் பக்கத்தில் நின்றேன்.

"ஏன்பா சொன்ன? பேசாம இருந்திருந்தா கொஞ்சமாவது மார்க்கு வந்திருக்கும்."

"நீ தப்பு பண்ணிட்டேன்னு சொன்னியே. நீ பண்ணலியே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். அழவில்லை. கண்ணாடியில் விரலால் ஏதோ வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வருஷமும் போவேன்," என்றாள். "நீயும் வரணும்."

"நானா?"

"தொட்டிய யாரு தூக்கறது? ஆனா உள்ள வந்ததும் கையக் கட்டிக்கணும். எடுக்கவே கூடாது."

"இப்பவே பழகிக்கிறேன்," என்று கையைக் கட்டிக்கொண்டேன். கம்பியைப் பிடிக்காமல் நின்றவனை அடுத்த வளைவில் பஸ் ஒரு பக்கமாகத் தள்ளியது. நிவேதா ஒரு கையால் தொட்டியை அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் எட்டி என் சட்டையைப் பிடித்தாள். ஊர் வரும்வரை விடவில்லை.